எண்ணிக்கையில் அடங்காத மேற்கோள்: ஜி. என். இராமச்சந்திரன் வரைபடம் சொல்லும் பாடம்



தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணி வாங்கச் சென்றிருந்தேன். கூட்டத்திற்கு நடுவே ஓர் அம்மையார் வந்து என் கையைப் பற்றினார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனின் தாயார். மகன் இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறானாம். குடுவையும் அமிலமும் கொண்டு செய்யும் ஆய்வு அன்று. மூலக்கூறுகள் எப்படி வளையும், எப்படி இணையும் என்பதைக் கணக்கிட்டே சொல்லும் கோட்பாட்டு வேதியியல்.

"மூனு கட்டுரை வந்திருச்சு டீச்சர். ஆனா சைட்டேஷன் நாலுதானாம். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர்ல அந்த நாலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அன்னிக்கு 7 ஏ வாங்கினப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்தான்! இந்த நாலு நல்லதா கெட்டதா, நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. நலம் விசாரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆயினும் அக்கேள்வி என்னுடனேயே வீடு வரை வந்தது. சில வாரங்கள் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை அந்த அன்னைக்குரிய விடையாக இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளை எண்களால் அளந்து பழகிவிட்ட நம் எல்லாருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

மேற்கோள் நமக்குப் புதிதன்று

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் வேறொருவரின் கட்டுரையைப் பெயர் சுட்டிப் பயன்படுத்துவதே சைட்டேஷன். தமிழில் மேற்கோள் என்கிறோம். ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை இவ்வாறு சுட்டியுள்ளனர் என்பதே மேற்கோள் எண்ணிக்கை.

நம் உரையாசிரியர்கள் இதில் வல்லவர்கள். வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூல்களாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகை நூலிலும் பழைய உரைகளிலும் எடுத்தாளப்பட்ட பாடல்களே எஞ்சியுள்ளன. தகடூர் யாத்திரையின் நிலையும் அதுவே. எடுத்துக்காட்டியவர்கள் இல்லாவிடில் அந்நூல்களின் பெயரைத் தவிர வேறெதுவும் நம் கைக்கு வந்திராது. மேற்கோள் ஒரு நூலுக்கு உயிர் கொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தொல்காப்பியத்தில் மற்றொரு வகையையும் காண்கிறோம். நூற்பாக்கள் பலவற்றைத் தொல்காப்பியர் "என்ப" என்றும் "மொழிப" என்றும் முடிக்கிறார். 'என்று கூறுவர்' என்பது பொருள். கூறியவர் யார்? பெயர் இல்லை. தமக்கு முன்னிருந்த இலக்கண ஆசிரியர்களையே அவர் சுட்டுகிறார் என்று உரைகாரர்கள் கொள்கின்றனர். அவர்களின் பெயர்கள் மறைந்துவிட்டன. அவர்களின் கருத்தோ தமிழ் இலக்கணமாகவே நின்றுவிட்டது.

ஆக, பெயர் சுட்டும் மேற்கோள் ஒன்று. பெயர் சுட்டாத மேற்கோள் ஒன்று. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எண்ணத் தொடங்கிய கதை

மேற்கோள்களை முறையாக எண்ணும் வழக்கத்தை அறிவியல் உலகிற்குக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கர். அவரும் வேதியியல் பட்டதாரியே. அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓர் அட்டவணை இருந்தது. ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் எவை சுட்டின, எவை மறுத்தன என்று அது காட்டும். அறிவியலுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று 1955-இல் 'சயின்ஸ்' இதழில் கார்ஃபீல்ட் எழுதினார். 1960-இல் பிலடெல்பியா நகரில் தமது நிறுவனத்தை அமைத்து, 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார்.

அதன் முதல் நோக்கம் தேடல். ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதைத் தொடர்ந்து யார் யார் என்ன செய்தனர் என்று கண்டறிய உதவும் கருவியாகவே அது பிறந்தது. நாளடைவில் தேடும் கருவி எடை போடும் தராசாயிற்று. இதழ்களை ஒப்பிட 'தாக்கக் காரணி' என்னும் எண் வந்தது. ஓர் இதழில் முந்திய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதை அது காட்டும். இதழுக்குரிய அந்த எண்ணைக் கொண்டு தனி மனிதரை மதிப்பிடுவதன் ஆபத்தைக் கார்ஃபீல்டே எச்சரித்திருக்கிறார்.

தனி மனிதருக்கென்று ஓர் எண்ணை 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் முன்வைத்தார். அதற்கு எச்-எண் என்று பெயர். நான்காம் ஆண்டுக் கணக்குப் போலத்தான், பயப்பட வேண்டாம். ஒருவர் ஐந்து கட்டுரைகள் எழுதியுள்ளார். அவை முறையே 10, 8, 5, 4, 1 மேற்கோள்கள் பெற்றுள்ளன என்று கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அவரிடம் 4 உள்ளன. ஆகவே அவருடைய எச்-எண் 4.

இனி, வேறொருவர் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது 5,000 மேற்கோள் பெற்றுள்ளது என்று கொள்வோம். அவருடைய எச்-எண் என்ன? வெறும் 1. கணக்குச் சரிதான். அளக்க வந்த பொருள்தான் அளவுகோலுக்குள் அடங்கவில்லை.

நம் நாட்டிலும் இவ்வெண்கள் வாழ்வைத் தொடுகின்றன. 2006-இல் நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியுமே உள்ளன. ஆய்வுப் பணியில் இருப்போருக்குக் கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோள் எண்ணிக்கையும் அன்றாடப் பேச்சாகிவிட்டன. அம்மாணவன் இரவில் கணினி முன் அமர்ந்திருந்ததில் வியப்பில்லை.

எவை மிகுதியாகச் சுட்டப்படுகின்றன?

2014-இல் 'நேச்சர்' இதழ், உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. அப்பட்டியலில் இடம்பெறக் குறைந்தது 12,119 மேற்கோள்கள் தேவைப்பட்டன. முதலிடம் பெற்றது, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைக் கூறிய 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை. ஆலிவர் லவ்ரி என்பவரும் அவருடைய குழுவினரும் எழுதிய அக்கட்டுரைக்கு 3 இலட்சத்திற்கும் அதிகமான மேற்கோள்கள்!

கோட்பாட்டு வேதியியலுக்கு அப்பட்டியலில் நல்ல இடமுண்டு. முதல் பத்தில் இரண்டு கட்டுரைகள் மூலக்கூறுகளின் எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு ஆற்றலைக் கணக்கிடும் முறை பற்றியவை. லீ, யாங், பார் ஆகிய மூவர் 1988-இல் எழுதியது ஒன்று. பெக்கே 1993-இல் எழுதியது மற்றொன்று. அம்முறையைக் கணினி நிரல்களில் பயன்படுத்தும் வேதியியலாளர் ஒவ்வொருவரும் அவற்றைச் சுட்டுகின்றனர். ஆதலால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

ஆனால் மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953-இல் உலகிற்கு அறிவித்த கட்டுரை அந்த நூற்றில் இல்லை. அக்கண்டுபிடிப்பு இன்று பாடநூலில் இருக்கிறது. படிவம் ஐந்து மாணவருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றை யாரும் ஒவ்வொரு முறையும் பெயர் சுட்டி எழுதுவதில்லை. ஒரு கருத்து எல்லாருக்கும் சொந்தமாகிப் போவதால் அதைக் கூறியவரின் பெயர் மேற்கோளிலிருந்து உதிர்ந்துவிடும் இந்நிலையை அமெரிக்கச் சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் விளக்கியுள்ளார். நம்முடைய "என்ப" அதுதான் அல்லவா?

இந்நிலையைத் தெளிவாகக் காட்டும் ஒரு வரலாறு சென்னையில் நிகழ்ந்தது. அதைத்தான் அந்த அன்னைக்கும் அவர் மகனுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

சென்னையில் ஒரு சுருள்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். முதலில் சேர்ந்தது மின்பொறியியலில். அங்கிருந்து அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டவர் சர் சி. வி. இராமன். பின்னர் 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தார்.

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். புதிய இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க அவர் இராமனை அழைத்தார். இராமன் தமக்கு மாற்றாகத் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1952-இல், முப்பதை ஒட்டிய வயதில், இராமச்சந்திரன் சென்னைக்குப் பேராசிரியராக வந்தார்.

அங்கு வந்த அறிஞர் ஜே. டி. பெர்னால் கொலாஜன் என்னும் புரதத்தை ஆராயலாம் என்று கூறினார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிற்கும் உறுதி தருவது கொலாஜன்தான். நல்வாய்ப்பாக, மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பல்கலைக்கழகத்திற்கு அருகிலேயே இருந்தது. கங்காரு வாலின் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜனும் ஆய்வுக்கு உதவியது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து, 1954-இல் 'நேச்சர்' இதழில் தங்கள் முடிவை வெளியிட்டனர். மறு ஆண்டே அதைச் செம்மைப்படுத்தினர். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கும் மும்மைச் சுருளே கொலாஜன் என்பது அம்முடிவு.

குறை சொன்னார்கள், அவர் அளக்கத் தொடங்கினார்

அதே 1955-இல் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இரட்டைச் சுருளால் அப்போதே புகழ் பெற்றிருந்த அதே கிரிக்தான். மும்மைச் சுருள் என்ற அடிப்படையை அவர்களும் கொண்டனர். ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவு நெருங்கி நிற்கின்றன என்றனர். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையிலும் வேறுபட்டனர். பிற்கால ஆய்வுகளில் பிணைப்பு பற்றிய கேம்பிரிட்ஜின் திருத்தமே ஏற்கப்பட்டது. மும்மைச் சுருள் என்னும் சென்னையின் மூலக் கருத்தும் நிலைத்தது.

இந்தக் குறைகூறலும் கணக்கில் ஒரு மேற்கோள்தான் என்பதைக் கவனியுங்கள். பாராட்டும் மேற்கோளும் மறுக்கும் மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றுபோலவே ஏறும்.

இராமச்சந்திரன் என்ன செய்தார்? 'அணுக்கள் மிக நெருங்கிவிட்டன' என்றால், எவ்வளவு நெருங்கினால் 'மிக' என்று கேட்டார். அதற்கு அன்று யாரிடமும் தெளிவான விடை இல்லை. அவரும் அவருடைய மாணவர் வி. சசிசேகரனும் அதுவரை வடிவம் அறியப்பட்ட படிகங்களின் தரவுகளைத் திரட்டினர். கார்பனும் ஆக்சிஜனும் எவ்வளவு நெருங்குகின்றன, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் எவ்வளவு நெருங்குகின்றன என்று ஒவ்வோர் இணைக்கும் இரண்டு எல்லைகள் வகுத்தனர். வழக்கமான எல்லை ஒன்று. அரிதாகவேனும் எட்டப்படும் கடைசி எல்லை ஒன்று. இதன் பின்னர் சி. இராமகிருஷ்ணனும் சேர, அவ்வெல்லைகளை வைத்துக்கொண்டு புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று மேசைக் கணிப்பொறியில் கோணம் கோணமாகக் கணக்கிட்டனர்.

1963-இல் மூவரும் சேர்ந்து மூலக்கூற்று உயிரியல் இதழில் வெளியிட்ட கட்டுரை, பக்கம் 95 முதல் 99 வரை, ஐந்தே பக்கங்கள். 1955-இல் எழுந்த மறுப்புக்கும் இக்கட்டுரைக்கும் இடையே எட்டு ஆண்டுகள். அக்கட்டுரையில் உள்ள படமே உலகம் முழுவதும் இன்று 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று அழைக்கப்படுகிறது.

மணிலா அட்டையில் ஒரு செய்முறை

அவ்வரைபடத்தை நம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் புரியவைக்கலாம். நான் என் வகுப்பில் செய்து பார்த்தேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரண்டு அமிலங்களை இணைக்கும் பகுதி தட்டையானது, எளிதில் முறுகாது என்று லைனஸ் பாலிங்கும் இராபர்ட் கோரியும் காட்டியிருந்தனர். ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் ஒரு மணிலா அட்டையாகக் கொள்ளலாம். இரண்டு செவ்வக அட்டைகளை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மூலையிலிருந்து குறுக்கே ஒரு சாத்தே குச்சியை ஒட்டுங்கள். இரண்டு குச்சிகளின் முனைகளையும் ஒரே களிமண் உருண்டையில் சாய்வாகச் செருகுங்கள். அவ்வுருண்டைதான் நடுவிலுள்ள கார்பன் அணு. அட்டைகளின் விளிம்பில் சிறு களிமண் உருண்டைகளை ஒட்டினால் அவை ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஆகும்.

இப்போது ஒவ்வோர் அட்டையையும் அதன் குச்சியை அச்சாகக் கொண்டு சுழற்றச் சொல்லுங்கள். ஆக, சுழலும் கோணங்கள் இரண்டே. சில நிலைகளில் அட்டைகள் தடையின்றி நிற்கும். சில நிலைகளில் முட்டிக்கொள்ளும். 30 பாகைக்கு ஒரு நிறுத்தம் வைத்தால் ஒவ்வோர் அட்டைக்கும் 12 நிலைகள். 12 பெருக்கல் 12, மொத்தம் 144 கட்டங்கள். கட்டத்தாளில் முட்டாத நிலைகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். தாளில் சில தீவுகள் தோன்றும். இராமச்சந்திரன் குழு இதையே உண்மையான அணு அளவுகளோடு நுட்பமாகச் செய்தது.

உண்மை வரைபடத்தில் பெரும்பகுதி தடைப்பட்ட வெற்றிடம். அனுமதிக்கப்பட்ட தீவுகள் சிலவே. பாலிங் 1951-இல் கூறியிருந்த சுருள் வடிவமும் மடிப்புத்தாள் வடிவமும் சரியாக அத்தீவுகளில்தான் வந்து விழுந்தன. கொலாஜன் சங்கிலிக்கும் அங்கே இடம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் எதையும் கலக்காமல், சூடேற்றாமல், அணுக்களின் பருமனையும் கோணங்களையும் மட்டும் கொண்டு இயற்கையின் எல்லைக்கோட்டை வரைந்துவிட்டனர். கோட்பாட்டு வேதியியல் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைக் காட்டினாலே போதும்.

எண்ணிக்கை எங்கே தவறவிட்டது?

1963 கட்டுரையும், இராமச்சந்திரனும் சசிசேகரனும் 1968-இல் எழுதிய நீண்ட விளக்கக் கட்டுரையும் பல ஆயிரம் மேற்கோள்கள் பெற்றவை. அது பெரிய எண்தான். ஆயினும் உண்மையான பயன்பாட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

புரத வடிவங்களைச் சேமிக்கும் உலகப் பொதுக் களஞ்சியம் 1971-இல் ஏழு வடிவங்களோடு தொடங்கப்பட்டது. இன்று அதில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. ஒரு புரத வடிவத்தை அதில் சேர்க்கும்போது சரிபார்ப்பு அறிக்கை ஒன்று உருவாகிறது. புரதத்தின் கோணங்களுள் எத்தனை விழுக்காடு இராமச்சந்திரன் வரைபடத்தின் அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே விழுகின்றன என்பது அவ்வறிக்கையின் முதன்மையான அளவுகளுள் ஒன்று. 2020-இல் கொரோனாக் கிருமியின் புரத வடிவங்களைக் கண்டறிந்தபோதும் இச்சோதனை நடந்தது. புரத வடிவத்தைக் கணினியால் முன்கணித்தற்கும் புதிய புரதங்களை வடிவமைத்தற்கும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அத்துறையினரும் தங்கள் முடிவு நம்பத்தக்கதா என்று பார்க்க இந்த வரைபடத்திடமே வருகின்றனர்.

அவர்கள் எல்லாரும் 1963 கட்டுரையைச் சுட்டுகிறார்களா? பெரும்பாலும் இல்லை. வரைபடத்தை வரைந்து கொடுக்கும் கணினி நிரலைச் சுட்டுவர். அல்லது 'இராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரை மட்டும் எழுதி மேலே செல்வர். மேற்கோள் கருவிக்குப் போய்விடுகிறது. கருத்தோ "என்ப" ஆகிவிட்டது.

மற்றொன்றும் உண்டு. 1971-இல் இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் ஊடுகதிர் நிழல்களைக் கொண்டு ஒரு பொருளின் உள்வடிவத்தை மீட்டெடுக்கும் எளிய கணித வழியொன்றை வெளியிட்டனர். சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்கும் துறையில் இருவர் பெயரின் முதற்பகுதிகளையும் சேர்த்து 'ராம்-லாக்' வடிகட்டி என்று அது வழங்குகிறது. அச்சொல்லைப் பயன்படுத்தும் பொறியாளர் பலருக்கு அதனுள் இரண்டு தென்னிந்தியப் பெயர்கள் ஒளிந்திருப்பது தெரியாமலே இருக்கலாம்.

இராமச்சந்திரன் பின்னர் பெங்களூர் சென்று மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1977-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1999-இல் படிகவியலின் உயரிய விருதான எவால்ட் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அந்த அன்னைக்கு விடை

அம்மா, நாலு என்பது நல்லதும் அன்று, கெட்டதும் அன்று. கட்டுரைகள் வெளிவந்து சிறிது காலமே ஆகியிருக்கும். மூன்று கட்டுரைகளும் நான்கு மேற்கோளும் உள்ள ஒருவருடைய எச்-எண் அதிகம் போனால் 2. அவ்வளவுதான் அந்த எண்ணால் கூற முடியும்.

உங்கள் மகனிடம் வேறு இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்த நான்கு பேர் யார்? உன் கட்டுரையைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள்? அவன் விளக்கத் தொடங்குவான். உங்களுக்கு முழுமையாகப் புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள். நால்வருள் ஒருவர் அவனுடைய ஆய்வில் குறை கண்டிருந்தால் அதை ஒதுக்க வேண்டாம் என்று கூறுங்கள். சென்னையில் ஐந்து பக்கம் பிறந்தது அப்படியொரு குறையிலிருந்துதான். எண்களே வேண்டாம் என்று நான் கூறவில்லை. வேலைக்கும் உதவிநிதிக்கும் அவை கேட்கப்படும். அவன் அவற்றைக் கவனிக்கத்தான் வேண்டும். இரவு உறக்கத்தை அவற்றிற்குக் கொடுக்க வேண்டியதில்லை. தாக்கக் காரணி போன்ற இதழ்சார் எண்களைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடலாகாது என்று 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ அறிக்கையில் உலகெங்குமுள்ள ஆய்வாளர்களும் நிறுவனங்களும் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்பதையும் அவனுக்கு நினைவூட்டுங்கள்.

நம் வகுப்பறைக்கு

இனி, ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைக் கூறியாக வேண்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்பு 7 ஏ பெற்றவர் இத்தனை பேர் என்று பதாகை எழுதிப் பள்ளி வாயிலில் கட்டிய ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி. அம்மாணவனின் பெயரும் அதில் இருந்தது.

அவன் ஐந்தாம் ஆண்டில் இருந்தபோது வெப்பம் பற்றிய பாடம் நடத்தினேன். பொருள் சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்றேன். அவன் எழுந்து, "டீச்சர், அப்படின்னா சிராப் தண்ணியில ஐஸ் கட்டி ஏன் மிதக்குது? சுருங்கினா கனமாகி அடியில போகணுமே?" என்று கேட்டான்.

விடை எனக்கு அப்போது தெரியாது. "அது சோதனையில வராது, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

நீர் மூலக்கூறுகள் உறையும்போது குறிப்பிட்ட கோணத்தில் கைகோத்து நடுவே இடைவெளி விட்டு நிற்கின்றன. அதனால் பனிக்கட்டியின் அடர்த்தி குறைகிறது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மூலக்கூறுகள் எந்தக் கோணத்தில் எப்படி நிற்கும் என்ற அதே கேள்வியைத்தான் அவன் இப்போது பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பெற்ற 7 ஏ எங்கள் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. அவன் கேட்ட கேள்வியை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை.

இப்போது வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவேட்டில் தர அடைவு எண்ணை எழுதும்போது, பக்கத்திலேயே ஒரு சிறு குறிப்பேட்டையும் வைத்திருக்கிறேன். அந்த வாரம் எந்தப் பிள்ளை என்ன கேட்டான், என்ன கேட்டாள் என்று ஒரு வரி. பெற்றோர் வரும் நாளில் எண்ணைக் கூறுவதற்கு முன் அந்த வரியைப் படித்துக் காட்டுகிறேன். சிலர், "மார்க் எவ்வளவு டீச்சர்?" என்று மீண்டும் அதையே கேட்பர். சிலர் சற்று நேரம் பேசாமல் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பர்.

தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையின் மேற்கோளிலும் வரப்போவதில்லை. அது வேண்டியதும் இல்லை. நம் மாணவர்கள் என்றோ ஒருநாள் ஒன்றைச் சரியாகச் சிந்திக்கும்போது, யார் சொன்னது என்று நினைவில்லாமலே 'என்ப' என்று நினைத்தால் போதும்.

அடுத்த முறை தெங்கு கிளானா சாலையில் அந்த அன்னையைக் கண்டால், அவர் மகனிடம் ஒரு செய்தி சொல்லியனுப்ப வேண்டும். ஐஸ் கட்டிக்கு விடை கிடைத்துவிட்டது என்று.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை